பெரிய நாய் இருக்கிற வீடுதான் வேண்டும்

மழை ஓயும் முன்பே மீஞ்சூரில் குட்டிகள் தென்படத் தொடங்கிவிடும். டீக்கடை பெஞ்சுக்கு அடியில், லாரி நிறுத்தத்தில், ரயில்வே சுவரோரத்தில், கண் திறந்தும் திறக்காததுமாக. மழைக்காலத்தை ஒட்டி இணைசேரும் தெருநாய்கள் சுமார் 63 நாளில் ஈனும். கணக்கு மார்கழி, தையில் வந்து நிற்கும். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்கான கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுவதும் இதே சாலைகளில்தான்.

அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான கொல்கத்தா ஐசரின் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருக்குட்டிகளைக் கவனித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழு மாதம் வரை பிழைத்தவை 19 சதவீதம். செத்தவற்றில் 63 சதவீதத்தின் சாவில் மனிதர்களுக்குப் பங்கு இருந்தது.

மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு பக்கங்களில் தெருநாய்களுக்குச் சோறு வைத்து, அடிபட்டால் ஆட்டோ பிடித்து ஓடும் சிலர் சேர்ந்து ஊராரிடம் ஓர் உதவி கேட்கிறார்கள். ஆதரவற்ற குட்டி ஒன்றை, நிலையான வீடு அமையும்வரை சில வாரங்கள் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே வயதான நாய் வளர்க்கும் வீடுகளைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

"எங்க வீட்டு நாய் கடிச்சுக் குதறிடுமே!" வழக்கமாக வரும் பதில் இது. பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் ஒரு குட்டி கற்றுக்கொள்வதுதான் அதன் குணமாக நிலைக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், விளையாட்டு எப்போது வம்பாகிறது என்பதை இன்னொரு நாய் சொல்லிக் கொடுப்பதுபோல மனிதர்களால் முடியாது.

சண்டையைவிடப் பெரிய கவலை பார்வோ என்ற வைரஸ் நோய். கிருமி தொற்றி நோயாக வெளிப்பட ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். இன்று துள்ளும் குட்டி நாளை ரத்தபேதியில் சுருண்டுவிடலாம். அதனால் முதல் 14 நாள் குட்டிக்குத் தனி அறை, தனித் தட்டு, தனிச் சாக்கு. இடம் இல்லாத வீட்டில் குளியலறை போதும். தரையைத் துடைக்க டெட்டால் உதவாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் கிருமி அது. வீட்டு நாயின் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் குட்டி வருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். மாதவரம் பால்பண்ணையிலும் வேப்பேரியிலும் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனைகள் இருக்கின்றன. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. அது கடித்தாலோ பிறாண்டினாலோ 'குட்டிதானே' என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தனி அறைக் காலம் முடிந்ததும் குட்டி படுத்த துணியைப் பெரிய நாயின் பக்கம் போட்டுவைக்கலாம். நோயில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு. முகம் பார்க்கும் முன்பே வாசனை பழகிவிடும். முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, இரண்டுக்கும் கயிறு கட்டி. பெரியது சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். குட்டி மல்லாந்து வயிற்றைக் காட்டும். பிறகு கொஞ்சம் துணிச்சல் வந்து கிழட்டு வாலைப் பிடித்து இழுக்கும். பெரியது உதட்டைத் தூக்கி உறுமும். அந்த நேரத்தில் அதை அதட்டிவிடக் கூடாது. உறுமல் எச்சரிக்கை, எச்சரிக்கையை அடித்து அடக்கினால் அடுத்த முறை முன்னறிவிப்பின்றிக் கடிதான். சாப்பாடு தனித்தனியாக. மூட்டுவலி உள்ள நாய்க்குக் குட்டி ஏற முடியாத ஒரு திண்ணையோ கட்டிலோ வேண்டும். மாலை நடை அதற்கு மட்டும் உரியதாக இருக்கட்டும், ராஜ மரியாதை குறையக் கூடாது. ஆளில்லாமல் இரண்டையும் சேர்த்து விட்டுப் போகவும் கூடாது.

தாயோடு இருக்கும் குட்டிகளைப் பாவம் பார்த்துத் தூக்கிவரவும் வேண்டாம். தனியாகத் தெரிந்தாலும், தாய் இரை தேடிப் போயிருக்கலாம்.

2016 ஜூலையில் சென்னையில் மொட்டை மாடியிலிருந்து வீசப்பட்ட பத்ரா என்ற நாய் நினைவிருக்கலாம். கால் முறிந்து, உயிரோடு கண்டெடுக்கப்பட்ட அந்த நாய் தேறியது விலங்கு ஆர்வலர் ஒருவரின் பராமரிப்பில். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்திலிருந்து ஐம்பது ரூபாய். சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

தத்துக்கொடுப்பதிலும் ஒரு கண்டிப்பு உண்டு. தத்தெடுத்த நாயை மறுபடி தெருவில் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அவசரப்பட்டு யார் கையிலும் திணிக்க இவர்கள் தயாரில்லை. பெட்டைக் குட்டி என்றதும், ஈனுமே என்று முகம் சுளிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே நாய்க் கருத்தடையைத் தொடங்கிவிட்டது. ஓர் அறுவை சிகிச்சையில் தீரும் காரியத்துக்காகக் குட்டியைச் சந்தையில் விட்டுவிட்டு வருகிறோம்.

தடுப்பூசிச் செலவும் மருத்துவமனை அலைச்சலும் இவர்கள் பொறுப்பு. வீட்டார் தர வேண்டியவை இடம், சோறு, கண்காணிப்பு. பெரிய நாய்க்கு ஒத்துவரவில்லை என்றால் எந்த நாளிலும் குட்டியைத் திருப்பித் தரலாம். யாரும் குறைசொல்ல மாட்டார்கள். சம்மதம் உள்ளவர்கள் வீட்டு நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, தெருவில் சோறு வைப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.