தானாக வளரும் கோழி

"நாட்டுக் கோழிக்கு என்ன ஐயா செலவு? தானாக மேயும், தானாக வளரும்" என்று சொல்லாத பெரிய மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. இதைவிடப் பச்சைப் பொய் வேறு கிடையாது என்பது என் கட்சி.

லால்பேட்டையில், வீராணம் ஏரிக் காற்று வீசும் ஒரு கொல்லையில், ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். விடியுமுன் அந்த அம்மாள் பஞ்சாரத்தைத் தூக்குகிறாள். தவிட்டில் கஞ்சி விட்டுப் பிசைகிறாள். பெரிய கோழிகள் கொத்தி விரட்டுமென்று விடைக்கோழிகளுக்குத் தனியே வைக்கிறாள். தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிழலில் நிரப்புகிறாள். பருந்து வட்டமிட்டால் அடுப்பை விட்டு ஓடி வருகிறாள். அந்தியில் கீரிக்குப் பயந்து, தலை எண்ணி அடைக்கிறாள். இதெல்லாம் 'தானாக'!

குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாத உழைப்பை வெள்ளைக் கழிச்சல் சில நாட்களில் வாரிக்கொண்டு போய்விடுகிறது.

"போன வருஷம் ஒன்பது விடை, தம்பி. எல்லாம் போச்சு. நம்ம நசீபு" என்றாள்.

நசீபா? 1927-ல் ராணிக்கேத்தில் கண்டறிந்து, நம் நாட்டில் அந்த ஊரின் பெயரையே சூட்டிய நோய் இது. வைரஸ் வியாதி, வந்தபின் மருந்தில்லை. ஆனால் வருமுன் தடுக்க வழியுண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. அவ்வளவுதான்.

பின் ஏன் சாகின்றன? மருந்துப் புட்டி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் என்று அளந்து வருகிறது. குளிரில் வைத்துக் காக்க வேண்டும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பண்ணைக்காரருக்குச் சௌகரியம். ஒன்பது கோழிக்காரி எங்கே போவாள்? அரசாங்கம் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, நல்ல காரியம்தான். ஆனால் குஞ்சுகள் முகாம் தேதி பார்த்துப் பொரிவதில்லையே!

தெருவுக்கு ஒரு நாள் குறித்து, பத்து வீட்டுக் கோழிகளுக்கும் சேர்த்து ஒரு புட்டியை உடைத்தால் போதும். அதைச் செய்யாததற்குக் காரணம் பணமல்ல. பெண்பிள்ளைகளின் சில்லறைக் காசுதானே என்ற அலட்சியம்.

என்னையும் சேர்த்தே திட்டுகிறேன். என் நாவல்களில் எத்தனையோ அத்தியாயங்கள் சேவல் கூவி விடிந்திருக்கின்றன. அந்தச் சேவலுக்குத் தவிடு பிசைந்தவள் யார் என்று ஒரு வரி எழுதினேனா?