விண்ணப்பம் போடாமலே தோற்கிறோம்

கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளைகளின் வாப்பா உம்மாமார் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன கிழமை பாடம் முடிந்து நான் வகுப்பை விட்டு வெளியே வரும்போது ஒரு மாணவன் பின்னால் ஓடி வந்தான். "சேர், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டு ஏர்போஸ் பைலட் ஆக நம்மட ஆக்களுக்கும் ஏலுமா?" என்று கேட்டான். "ஏலும், ஆனா லேசில்ல" என்றேன்.

மறுநாள் அவனுடைய வாப்பா பாடசாலை கேற்றடியில் நின்றார். "சேர், இவன்ட மண்டைக்குள்ள இதப் போட்டது நீங்களா?" அந்தக் கேள்வியில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவர் மூன்று காரணம் சொன்னார். மூன்றும் நம் ஊரில் எல்லோர் வாயிலும் உள்ளவைதான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது: "நம்மள எடுக்க மாட்டானுகள் சேர்."

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மீது விழுந்த சந்தேகப் பார்வையை நானும் அனுபவித்தவன். அப்படி ஒன்றும் இல்லை என்று யாருக்கும் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. நான் படிப்பித்த இத்தனை வருடத்தில் என் மாணவர்களில் ஒருவர்கூட இந்த விண்ணப்பத்தைப் போட்டதில்லை. போடாத விண்ணப்பத்தை யார் நிராகரிப்பது? இந்த நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பரம வீர விபூஷணய. 1996 ஜூலையில் முல்லைத்தீவில் உயிரிழந்த விசேட படையணியின் கட்டளை அதிகாரி பஸ்லி லாபிருக்கு அது வழங்கப்பட்டது. அவரும் ஒரு முஸ்லிம்தான். கதவு அகலத் திறந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தட்டிப் பார்க்காமலே பூட்டியிருக்கிறது என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

இரண்டாவது: "உசிருக்கு உத்தரவாதம் இல்லையே."

உண்மை. 2020 டிசம்பரில் சீனக்குடாவில் இருந்து எழும்பிய பீ.டி.6 பயிற்சி விமானம் கந்தளாய்ப் பக்கம் விழுந்து, தனியாகப் பறந்த பயிற்சி விமானி இறந்தார். 2023 ஓகஸ்டில் அதே வகை விமானம் சீனக்குடாவிலேயே விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். 2025 மார்ச்சில் வாரியப்பொலவில் விழுந்த கே.8 விமானத்தில் இருந்த இருவரும் பரசூட்டில் குதித்துத் தப்பினார்கள். இதை மறைத்துவிட்டு "புள்ளைய அனுப்புங்க" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டியது பிள்ளையும் பெற்றோரும்தான்.

மூன்றாவதை அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "கிபிர் சத்தம் மறந்து போச்சா சேர்?"

மறக்கவில்லை. 2006இல் மூதூர்ச் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு ஓடி வந்த நாட்களை நம் மாவட்டத்தில் யார் மறப்பார்? சம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு அந்தச் சத்தம் இன்னும் கனமானது. இந்தக் கேள்விக்கு என்னிடம் லேசான பதில் இல்லை. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். இது இந்த நாட்டின் படை என்றால், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் அதற்குள் இருக்க வேண்டும். நாம் வெளியே நிற்பதால் அது மாறப்போவதில்லை. 2017 மே வெள்ளத்தில் கூரையில் நின்ற மக்களை ஹெலிகொப்டரில் தூக்கிக் காப்பாற்றியதும் அதே விமானப்படைதான். அந்த வேலையிலும் நம் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கக் கூடாதா?

இனி போட்டியைப் பற்றி. ஆசை மட்டும் போதாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கெடட் அதிகாரியாகச் சேர்வதும் விமானியாவதும் ஒன்றல்ல. முதலில் விண்ணப்பம், நேர்முகப் பரீட்சை, உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை. தெரிவானால் பட்டப்படிப்பும் இராணுவப் பயிற்சியும் ஒன்றாக நடக்கும். காலையில் ஓட்டமும் அணிவகுப்பும், பிறகு விரிவுரை. பறக்கும் பயிற்சிக்குப் போனால் போட்டி கூடுமே தவிரக் குறையாது. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிற நண்பனே அங்கே போட்டியாளன். படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தும் விமானத்தைக் கையாள வராமல் இடையில் நிறுத்தப்படுகிறவர்கள் உலகத்தில் எல்லா விமானப்படையிலும் இருக்கிறார்கள். அதனால் "பைலட் ஆகாவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்கிற பிள்ளைக்கு இந்தப் பாதை சரிவராது. அதிகாரியாக வேறு பிரிவில் வேலை செய்யவும் மனம் இருக்க வேண்டும்.

படிப்புக்குக் காசு இல்லை, கொடுப்பனவும் உண்டு. ஆனால் பிணை ஒப்பந்தம் உண்டு. இடையில் விட்டுவிட்டு வந்தால் பெற்றோர் தலையில்தான் விழும். கையெழுத்துப் போட முன்னர் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். சிங்களத்தில் இருந்தால், விளங்கிய ஒருவரை வைத்து வாசிப்பியுங்கள்.

நம் பிள்ளைகள் தோற்கிற இடம் பெரும்பாலும் மொழி. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். மைதானத்திலும் மெஸ்ஸிலும் சிங்களம். ஓ.எல்லில் இரண்டாம் மொழிச் சிங்களத்தை "புள்ளி எடுக்க லேசான பாடம்" என்று எடுத்துவிட்டுப் பேசத் தெரியாமல் வெளியே வருகிறார்கள். இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. பரீட்சைக்குப் படிப்பித்தோமே தவிர, வாயைத் திறந்து பேசப் பழக்கவில்லை.

அடுத்தது கண். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர் விமானியாக முடியாது. இந்தக் குறைபாடு ஆண் பிள்ளைகளில் அபூர்வமானதல்ல. பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. புள்ளி போட்ட படங்களைக் காட்டிச் செய்யும் சின்னப் பரிசோதனைதான். ஏ.எல் முடித்து, கனவு வளர்த்து, மருத்துவப் பரிசோதனையில் போய் அழுவதைவிட ஒன்பதாம் தரத்திலேயே பார்த்துவிடலாம்.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2020இல் இலங்கை விமானப்படையில் முதன்முறையாகப் பெண்கள் விமானிகளாக அதிகாரம் பெற்றார்கள். நம் வீடுகளில் அது பெரிய விவாதமாகும் என்று தெரியும். ஆனால் விவாதிக்கிற இடத்தில் அந்தப் பிள்ளையும் இருக்கட்டும்.

கடைசியாக, இதை நம்பி வழமையான பல்கலைக்கழக அனுமதியைக் கைவிட வேண்டாம். இசட் ஸ்கோருக்காகப் படிக்கிற அதே படிப்புத்தான் இதற்கும் அடித்தளம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். வயது, உயரம், பாடத் தகைமைகளை விளம்பரம் வரும்போது அதில் பார்த்தே உறுதிப்படுத்துங்கள். யாரோ ஒருவர் சொன்னதை நம்பி விடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம்.

அந்த வாப்பாவிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "முதல்ல கண்ணக் காட்டுவம் சேர். அது சரிவந்தா மிச்சத்தப் பேசுவம்" என்றார். எனக்கு அது போதும். "ஓம்" என்றும் சொல்லவில்லை, "இல்லை" என்றும் சொல்லவில்லை. பிள்ளையின் கனவைத் தீர விசாரிக்க ஒரு வாப்பா சம்மதித்திருக்கிறார்.

விண்ணப்பம் நிரப்ப உதவி தேவையென்றால் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இருந்து நிரப்புவோம். தெரிவாவதும் ஆகாததும் அல்லாஹ்வின் நாட்டம். முயற்சி நம்முடையது.