கைத்துப்பாக்கி யாருக்குக் காவல்?

முதல் கைத்துப்பாக்கியாக எதைத் தேர்ந்தெடுப்பது? ரிவால்வரா, பிஸ்டலா? எத்தனை தோட்டாக்கள் கொள்ளும்? இடுப்பில் செருகினால் வெளியே தெரியுமா? பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுட ஏற்றது எது, காட்டுவழி நடக்கும்போது துணைக்கு ஏற்றது எது? கைப்பேசி வாங்குவதைப் போல அமெரிக்காவில் அன்றாடம் விவாதிக்கப்படும் இக்கேள்விகள், காணொளிகள் வழியாக நம் வீட்டு இளைஞர்களிடமும் வந்துசேர்ந்திருக்கின்றன. இதை வெறும் ஆர்வக்கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. தனிமனிதனின் பாதுகாப்பு அவனது சட்டைப்பைக்குள் இருக்கிறது என்னும் கருத்து, துப்பாக்கிக்கு முன்னரே வந்து இறங்குகிறது. அக்கருத்தோடுதான் நமக்கு வழக்கு.

கொச்சங்காடியும் அதைச் சூழ்ந்த மட்டாஞ்சேரியும் இவ்வழக்கில் சாட்சி சொல்லத் தகுதி படைத்தவை. துப்பாக்கி யார் கையில், யாரை நோக்கி என்ற கேள்விக்கு இந்த மண் தன் குருதியால் விடை எழுதியிருக்கிறது.

மட்டாஞ்சேரி கற்பித்த பாடம்

கொச்சித் துறைமுகத்தில் அன்று வேலை வழங்கப்பட்ட முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். விடியற்காலையில் கூடிநிற்கும் தொழிலாளர் கூட்டத்தை நோக்கி, ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் உலோக வில்லைகளை வீசியெறிவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைய கூலி. கிடைக்காதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. பசித்தவனைப் பசித்தவனோடு மோதவிட்டு வேடிக்கை பார்த்த முறை அது. அதை ஒழிக்கக் கோரி 1953ஆம் ஆண்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. சைது, சைதலவி ஆகிய தோழர்கள் குண்டுக்குப் பலியானார்கள். காவல்துறையின் சித்திரவதைக்கு ஆளான தோழர் ஆண்டனி பின்னர் உயிர்நீத்தார். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது ஏ.ஜே.ஜான் தலைமையிலான காங்கிரஸ் அரசு. கே.எம்.சிதம்பரன் எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' திரைப்படம், 2023இல் இவ்வரலாற்றைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசேர்த்தது.

சாப்பா இன்று இல்லை. தொழிலாளிகளில் எவரோ ஒருவர் எதிர்த்துச் சுட்டதால் அது ஒழியவில்லை. வில்லைக்காக ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டிருந்த கைகள் சங்கமாக இணைந்ததால், கப்பலில் சரக்கு தேங்கியதால், பதிவுபெற்ற தொழிலாளிக்குச் சுழற்சி முறையில் வேலை என்ற ஏற்பாட்டை அரசும் முதலாளிகளும் ஏற்க வேண்டியதாயிற்று. துப்பாக்கி அன்று முதலாளி வர்க்கத்துக்குக் காவலாக நின்றது. தொழிலாளிக்குக் காவலாக நின்றது அவனது சங்கம்.

உரிமம் யாருக்கு எளிது?

இந்திய மண்ணில் துப்பாக்கி உரிமத்தின் வரலாறே பாகுபாட்டின் வரலாறு. 1857 எழுச்சியின் அச்சம் நீங்காத ஆங்கில ஆட்சி, லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இந்த அவமதிப்புக்கு எதிரான உணர்வின் காரணமாகவே, 1931ஆம் ஆண்டு கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது.

விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதனை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஜனவரி 30 அன்றுதான் இத்தாலியில் செய்யப்பட்ட ஒரு பெரெட்டா கைத்துப்பாக்கி காந்தியாரின் மார்பைத் துளைத்திருந்தது. அரசமைப்பின் 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு வழங்கியது அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை. ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமையாகவில்லை. கூட்டம் கூடுவது ஆயிற்று. அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று என்பதை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மீண்டும் சுட்டிக்காட்டியது.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு விதிகளும்தாம் இன்று நடைமுறையில் உள்ளவை. உரிமம் கோருபவர் பொதுவாக 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஆயுதம் எதற்குத் தேவை என்று காட்ட வேண்டும். பயிற்சிச் சான்றும் காவல்துறையின் விசாரணை அறிக்கையும் வேண்டும். படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற வகைகள் சாதாரணக் குடிமகனுக்கு இல்லை, பெரும்பாலும்.32 ரிவால்வரோ பிஸ்டலோதான் கிடைக்கும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. விழாக்களில் வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறரை ஆபத்துக்கு உள்ளாக்குவதையும் குற்றமாக்கியது. இக்கட்டுப்பாடுகள் சரியானவை. இவை மேலும் இறுக வேண்டும், தளரக் கூடாது என்பதே நம் நிலை.

ஆனால் ஏட்டில் உள்ள சட்டம் வேறு, ஊரில் உள்ள சட்டம் வேறு. 2016ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் சுமார் 33.7 லட்சம் உரிமங்கள் இருந்தன; அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உத்தரப்பிரதேசத்தில் மட்டும். நிலவுடைமையும் சாதியாதிக்கமும் கோலோச்சும் ஊர்களில் உரிமம் பெற்ற துப்பாக்கி என்பது அந்தஸ்தின் சின்னம். ஜம்மு-காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையில் தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறையே வழக்கு நடத்துகிறது. பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்குப் பரிந்துரை தேடிவருகிறது. கூலி கேட்ட தலித் தொழிலாளி தன் உயிருக்கு ஆபத்து என்று விண்ணப்பித்தால் அந்தத் தாள் எந்த மேசையில் உறங்கும் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டும் காட்டுவழியும்

துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டல்லவா என்று கேட்கலாம். ஆம், மனத்தை ஒருமுகப்படுத்தும் அருமையான விளையாட்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரு வெண்கலங்களும், ரயில்வே பயணச்சீட்டுப் பரிசோதகரான ஸ்வப்னில் குசாலே ஒரு வெண்கலமும் வென்றபோது நாடே மகிழ்ந்தது. மனு வென்ற 10 மீட்டர் போட்டி காற்றுத்துப்பாக்கியால் ஆடப்படுவது. அதில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்றே ஈயக்குண்டை உந்துகிறது. விளையாட விரும்பும் இளைஞருக்கு முதல் கைத்துப்பாக்கி அதுதான். சட்டைப்பையில் செருகிக்கொள்ளும் ரிவால்வர் அன்று. ஆனால் போட்டித் தரத்திலான ஒரு காற்றுக் கைத்துப்பாக்கியின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே பயிற்சிக்கூடம் அமைத்துக்கொள்கிறது. மீன்பிடித் தொழிலாளியின் மகள் என்ன செய்வாள்? பொதுப் பயிற்சிக்கூடம், அங்கேயே பூட்டிப் பாதுகாக்கப்படும் பொதுத் துப்பாக்கிகள், ஊதியம் பெறும் பயிற்றுநர் ஆகியவற்றையே நாம் கோர வேண்டும். விளையாட்டுக்காகத் துப்பாக்கி வீட்டுக்கு வர வேண்டிய தேவை மிக அரிது.

காட்டுவழிக்குத் துணை என்ற வாதமும் கேரளத்தில் இன்று எடுபடக்கூடியது. வயநாட்டிலும் இடுக்கியிலும் காட்டுயானையும் காட்டுப்பன்றியும் உழவர்களின் உயிரையும் பயிரையும் சூறையாடுகின்றன. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் .32 ரிவால்வரால் பாய்ந்துவரும் யானையை நிறுத்த முடியாது. காயப்படுத்தி மேலும் வெறிகொள்ளச் செய்யலாம். முன்அனுமதி இன்றி ஆயுதத்துடன் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழைவதையே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022 மே மாதத்தில் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அங்கேயும் முடிவெடுப்பது தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. சுடுவது அதனால் பணிக்கப்பட்ட உரிமதாரர். வேலி, அகழி, விரைவு மீட்புக் குழு, உரிய இழப்பீடு இவையெல்லாம் பொதுப்பணிகள். அவற்றைக் கைவிட்டு, "நீயே ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்" என்று உழவனிடம் சொல்வது அரசு தன் கடமையிலிருந்து தப்பியோடும் வழி.

தற்காப்பு என்னும் சந்தை

பெண்களின் பாதுகாப்பின் பெயராலும் இதே வழி காட்டப்பட்டது. டெல்லியில் நடந்த பாலியல் வன்கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற அரை கிலோ எடையுள்ள ரிவால்வரைப் பெண்களுக்கென்றே அறிமுகப்படுத்தியது. விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். இறால் உரிக்கும் கூடத்திலிருந்து இரவில் வீடு திரும்பும் பெண்ணுக்கு இது எத்தனை மாதக் கூலி? அவள் கேட்பது தெருவிளக்கு, பேருந்து, வேலையிடத்தில் புகார்க் குழு, தாமதிக்காத நீதி. 2021 அக்டோபரில் நாட்டின் 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாக மோடி அரசு உடைத்தது. அவற்றுள் ஒன்று 2023இல் 'பிரபல்' என்ற புதிய ரிவால்வரைக் குடிமக்கள் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தின் கீழ்தான் இருக்கிறது. லாபக் கணக்கே அளவுகோலாகும்போது, அச்சம்தான் சிறந்த விற்பனையாளன்.

அச்சத்தை விற்ற நாட்டின் நிலை என்ன? அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு மட்டும் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். காவலுக்கென்று வாங்கி மேசை அறையில் வைத்த துப்பாக்கி, வீட்டுக்காரரையோ அவர் பிள்ளையையோதான் முதலில் கொல்கிறது. ஆஸ்திரேலியாவோ, 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதும் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைகொடுத்துத் திரும்பப் பெற்றது.

நம் தோழர்களுக்கே ஆபத்து இல்லையா? உண்டு. 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் காலைநடை சென்ற தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டார். தபோல்கர், கல்புர்கி, கௌரி லங்கேஷ் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்து, தான் தேர்ந்த நொடியில் சுடுபவனுக்கு முன் இடுப்பில் உள்ள துப்பாக்கி எதுவும் செய்யாது. அக்கொலைகளுக்கு விடை, கள்ளத்துப்பாக்கிப் பட்டறைகளையும் அவற்றை இயக்கும் வெறுப்பு அமைப்புகளையும் ஒடுக்குவதிலும், ஒருவர் வீழ்ந்த இடத்தில் ஆயிரம் பேர் நிற்பதிலும் இருக்கிறது.

மார்க்ஸ் சொன்னது எது?

தொழிலாளர்களின் ஆயுதங்களை ஒப்படைக்கக் கூடாது என்று மார்க்சும் எங்கெல்சும் சொல்லவில்லையா என்று சில இளம் தோழர்கள் கேட்கக்கூடும். 1850 மார்ச் மாதத்தில் கம்யூனிஸ்ட் லீகுக்கு அவர்கள் எழுதிய சுற்றறிக்கை அது. புரட்சி கொந்தளித்த ஜெர்மனியில், தாமே தேர்ந்தெடுத்த தலைவர்களின் கீழ் தொழிலாளர்கள் கூட்டாக அணிதிரள்வதைப் பற்றியே அது பேசுகிறது. தனியொருவன் கடையில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளும் சரக்கைப் பற்றி அன்று. சூழலைக் கழற்றிவிட்டு ஒரு வரியைப் பிடுங்குவது மார்க்சியம் ஆகாது.

ஆயுத உரிமை எல்லாருக்கும் சமம் என்று முழங்கும் அமெரிக்காவிலேயே, 1967இல் கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் துப்பாக்கியுடன் காவல்துறையைக் கண்காணிக்கத் தொடங்கியதும், கலிபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் உடனே தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பின்னாளில் துப்பாக்கி உரிமையின் காவலராக வேடம் பூண்டவரும் அவரே.

அசாம் காட்டும் அபாயம்

இதன் இந்திய வடிவம் அசாமில் அரங்கேறுகிறது. 2025 மே 28 அன்று அசாம் பாஜக அமைச்சரவை, வங்க முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துப்ரி, பார்பேட்டா முதலிய மாவட்டங்களில் 'பூர்வகுடிகளுக்கு' ஆயுத உரிமம் வழங்க முடிவுசெய்தது. 2022இல் குடகின் பொன்னம்பேட்டையில் பஜ்ரங் தளமும், 2023இல் அசாமின் மங்கள்தையில் ராஷ்ட்ரிய பஜ்ரங் தளமும் நடத்திய ஆயுதப் பயிற்சிகளை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அண்டை வீட்டானைப் பகைவனாகக் காட்டி, ஒரு தரப்பின் கையில் மட்டும் உரிமத்தோடு துப்பாக்கியைக் கொடுப்பது அரசின் வேலையாகிறது. யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என நூற்றாண்டுகளாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த மட்டாஞ்சேரிக்கு இதைவிட அந்நியமானது எதுவுமில்லை.

ஆகவே கிளைக் கூட்டங்களில் இப்பொருளைப் பேசுவோம். அசாம் முடிவைத் திரும்பப் பெறக் கோருவோம். உரிமம் வழங்கலில் வெளிப்படைத்தன்மை, கள்ளத்துப்பாக்கிகளின் மீது கடும் நடவடிக்கை, விளையாட்டுக்குப் பொதுப் பயிற்சிக்கூடங்கள், வனவோர உழவர்களுக்குப் பொதுப் பாதுகாப்பு ஆகிய நான்கையும் கோரிக்கைகளாக முன்வைப்போம். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்கும் இளைஞரை ஏளனம் செய்ய வேண்டாம். அவரது அச்சத்துக்குக் காரணம் என்ன என்று கேட்போம். வேலை நிலையாமையா, இரவு வழியா, மதவெறிப் பேச்சா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம், ஒரு வார்டு குழு, ஒரு போராட்டம் இருக்கிறது. அவருக்கு அங்கே ஓர் இடம் கொடுப்பது நம் பொறுப்பு.