கெம் மாற்றும் தம்பிமாருக்கு

அக்குறணையில் நின்ற இடத்திலேயே குலுங்கும் சிவிக்கைப் பார்த்து வாய் பிளக்கும் தம்பிமாரே, அந்தச் சத்தம் பலமல்ல. ரேஸ் கெம் ஷாப்ட் வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. மெதுவாக ஓடும்போது எஞ்சின் திணறுகிறது, அவ்வளவுதான். அதன் பலன் பெரும்பாலும் 5000 ஆர்.பி.எம். தாண்டித்தான். கட்டுகஸ்தோட்டை நெரிசலில் அதை எங்கே காண்பீர்கள்? கடுகண்ணாவ ஏற்றத்துக்குத் தேவை கீழ் இழுவை. காசு கொடுத்து அதையல்லவா குறைத்துக்கொள்கிறீர்கள்! வால்வு ஸ்பிரிங்கைக்கூட மாற்றாமல் பூட்டுகிறவர்களை என்ன சொல்ல?

ஆசையிருந்தால் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி இருக்கிறது, 1934இல் தொடங்கியது. ஹெல்மட் போட்டு அங்கே காட்டுங்கள். பகல் 1.30க்குப் பாடசாலை விட்டு, நடைபாதையில்லாத ஏ-9 ஓரமாய் எங்கள் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே வேண்டாம்.

வாப்பாமாரே, சாவியும் காசும் கொடுத்தது நீங்கள்தானே?