செய்வது ஓசூர், வாங்குவது பெங்களூரு: தொழில் நகரத்துக்கு ஏன் வேண்டும் ஒரு கடைவீதி?

டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில்தான் இருக்கிறது. தனிஷ்க் நகைகள் தயாராகும் ஆலையும் இங்கேதான். ஆனால், கல்யாணத்துக்குத் துணி, நகை எடுக்க வேண்டும் என்றால் ஓசூர் வீடுகளில் கேட்கும் பேச்சு இதுதான்: “பெங்களூரு போய்ட்டு வந்துடலாம், அங்கதான் செலக்‌ஷன் இருக்கும்.”

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் சுமார் 40 கி.மீ. தூரத்தில் கமர்ஷியல் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு. யார் எங்கே வாங்க வேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது. ஆனால், இந்தப் பழக்கத்தால் ஓசூர் இழப்பது என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

வரி யாருக்குப் போகிறது?

தங்க நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். 1 லட்சம் ரூபாய்க்கு நகை வாங்கினால் வரி 3,000 ரூபாய். அதில் பாதியான 1,500 ரூபாய் மாநிலத்தின் பங்கு. பெங்களூரு கடையில் வாங்கும்போது பில்லில் வாங்குபவரின் முகவரி இல்லையென்றால், அந்தப் பங்கு கர்நாடகத்துக்கே. 2023 அக்டோபரில் அமலுக்கு வந்த விதிப்படி, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளரின் தமிழ்நாட்டு முகவரி பில்லில் இருந்தால், பங்கு தமிழகத்துக்கு வர வேண்டும். வாங்குபவருக்கு ஒரு பைசாகூட கூடுதல் செலவில்லை. ஆனால், கூட்டத்தில் நின்று பில் போடும்போது யார் இதைக் கவனிக்கிறார்கள்?

கின்சா என்ன சொல்கிறது?

டோக்கியோவின் கின்சா, உலகின் விலை உயர்ந்த கடைவீதிகளில் ஒன்று. அதன் அடையாளமே ஒரு கடிகாரக் கோபுரம்தான். செய்கோ கடிகாரங்களைத் தந்த ஹத்தோரி கின்தாரோவின் நிறுவனம் 1932-ல் கட்டிய கட்டடம் அது. கடிகாரம் செய்த ஊரிலேயே அதை விற்கும் வீதியும் வளர்ந்தது. 1970 முதல் விடுமுறை நாட்களில் பிரதான சாலையில் வாகனங்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள். உள்ளே விலை எவ்வளவு இருந்தாலும், வீதியில் நடக்கக் காசு வேண்டியதில்லை.

ஓசூரில் கடைகளுக்குக் குறைவில்லை. பிராண்டட் ஷோரூம்களும் வந்துவிட்டன. குறை, கடைக்கு வெளியே இருக்கிறது. பாகலூர் ரோட்டிலோ, எம்.ஜி. ரோட்டிலோ குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பத்துக் கடை ஏறி இறங்குவது எவ்வளவு சிரமம் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வண்டி, இன்னொரு பக்கம் சாக்கடை மூடி. வேண்டியதை வாங்கியதும் “கிளம்பலாம்” என்றுதான் தோன்றும்.

யாருக்கு இது தேவை?

கார் வைத்திருப்பவர் பெங்களூரு போய்விடுவார். போக முடியாதவர்களும் இங்கே இருக்கிறார்கள். டாடா எலெக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகளை நம்பி வெளிமாவட்டம், வெளிமாநிலங்களில் இருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அன்று தோழிகளோடு பயமில்லாமல் நடந்து, வேடிக்கை பார்த்து, பேரம் பேசி ஒரு சுடிதார் எடுக்க ஓர் இடம் வேண்டும். அவர்களின் சம்பளம் இந்த ஊரில் சம்பாதித்தது. செலவழிக்கவும் இந்த ஊரில் மதிப்பான இடம் வேண்டாமா?

என்ன செய்யலாம்?

“வண்டி நிறுத்த முடியலன்னா யாவாரம் படுத்துடும்” என்று வியாபாரிகள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, பக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தமும் திட்டத்தில் இருந்தது. நிறுத்துமிடம் முதலில், நடைபாதை பிறகு என்ற வரிசை முக்கியம். தள்ளுவண்டிக்காரர்களைத் துரத்தாமல் அவர்களுக்கும் இடம் குறிக்க வேண்டும்.

ஓசூர் மாநகராட்சியாகி 2019-லிருந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஒரு வீதி, ஞாயிறு மாலை நான்கு மணி நேரம், மூன்று மாதம் சோதனை. விற்பனை கூடுகிறதா என்று வியாபாரிகளே கணக்குப் பார்க்கட்டும். கைக்கடிகாரம் செய்யத் தெரிந்த ஊருக்கு, அதைக் கட்டிக்கொண்டு நடக்க ஒரு வீதி அமைப்பது பெரிய காரியமல்ல.