தயிர்சோற்றுக்கு அடங்காத அரிப்பு

உறையூரில் ஒரு வீட்டு நாய் இரவெல்லாம் காதைச் சொறிந்துகொண்டும் வாலடியைக் கடித்துக்கொண்டும் கிடந்தால், காலையில் அக்கம்பக்கம் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "உடம்பு சூடுங்க. கறியை நிறுத்திட்டுத் தயிர்சோறு போடுங்க." பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். அதற்கும் அடங்காவிட்டால் தேங்காய் எண்ணெயில் கரைத்த கற்பூரம். கடைசியில் மெக்கானிக் கடையிலிருந்து ஒரு டப்பா கழிவு ஆயில். இத்தனை வைத்தியத்துக்கும் அடிப்படையான அந்தச் 'சூடு' என்ற நம்பிக்கை பொய். அந்தப் பொய்யால் நாய்கள் மாதக்கணக்கில் வதைபடுகின்றன.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. நாயைத் தொட்டால் சுடும். மனிதனுக்கு 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு என்றால், நலமாக இருக்கும் நாய்க்கே 101 முதல் 102.5 வரை இருக்கும். வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதும் நோயல்ல. பாதங்களைத் தவிர உடம்பில் வேறெங்கும் வியர்த்துத் தணிய வழியில்லாததால், நாய் மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நாயின் இயல்பையே நோயாக எடுத்துக்கொண்டு, உண்மையான நோயைத் தேடாமல் விட்டுவிடுகிறோம்.

கறிதான் காரணம் என்பதற்குப் பதில் ஸ்ரீரங்கத்துச் சைவ வீடுகளிலேயே இருக்கிறது. பிறந்ததிலிருந்து பாலும் தயிர்சோறும் மட்டுமே தின்று வளரும் நாய்களும் அங்கே சொறிகின்றன. உணவு ஒவ்வாமை சில நாய்களுக்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் எந்த உணவு? மேலைநாட்டு நாய்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு தொகுப்பில், உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களில் மாட்டிறைச்சி 34 சதவீதத்துக்கும், பால் பொருட்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தென்று நாம் ஊற்றும் தயிர், குற்றவாளியாக்கிய கோழியைவிட முன்னால் நிற்கிறது. தோலும் ரோமமும் புரதத்தால் ஆனவை. கறியையும் முட்டையையும் நிறுத்தி வெறும் சோற்றில் வளர்த்தால், புண்ணான தோல் ஆறுவதற்கு வேண்டிய சரக்கையே பறித்துக்கொள்கிறோம்.

இந்தத் தவறு தமிழர்களுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மருத்துவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் மனிதரின் சொறியை உடம்பின் பித்தக் கோளாறு என்றே எழுதிவந்தார்கள். 1687-இல் இத்தாலிய மருத்துவர் போனோமோ நுண்ணோக்கியில் பார்த்து, தோலுக்குள் வளைதோண்டும் சிற்றுண்ணிதான் காரணம் என்று எழுதினார். மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1834-இல் கோர்சிகா தீவைச் சேர்ந்த ரெனுச்சி என்ற மாணவர் பாரீஸ் மருத்துவமனையில் ஊசிமுனையால் அந்த உயிரியை எடுத்துக் காட்டிய பிறகே வாதம் ஓய்ந்தது. எடுக்கும் வித்தையை அவர் கற்றது தன் ஊர்க் கிராமத்துப் பெண்களிடம். பாட்டி வைத்தியம் எல்லாம் பொய் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. அந்தப் பெண்கள் தோலை உற்றுப் பார்த்தார்கள். 'சூடு' என்கிறவர்கள் பார்ப்பதில்லை.

பார்த்தால் என்ன தெரியும்?

முதலில் தெள்ளுப்பூச்சி. வாலடியிலும் பின்தொடையிலும் அரிப்பு என்றால் பெரும்பாலும் இதுதான். ஒவ்வாமை உள்ள நாய்க்குப் பூச்சியின் எச்சிலே விஷம். சில கடிகளே போதும், பல நாள் அரிக்கும். நாயின் மேல் ஊர்பவை மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் சாக்கிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறியதும் பெருகும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் படுக்கைச் சாக்கை அப்படியே போடுவதால்தான் அரிப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்தது சொறி உண்ணி. காது விளிம்பு, முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் தொடங்கும். மற்ற நாய்களுக்கும் பரவும். வளர்ப்பவரின் கையிலும் இடுப்பிலும்கூடச் சிவந்த தடிப்புகள் வரும். டெமோடெக்ஸ் என்ற இன்னொரு வகை மயிர்க்கால்களில் வாழும். குட்டிகளுக்கு முடி கொட்டும், ஆனால் ஒட்டாது.

மூன்றாவது பிறவியிலேயே வாய்த்த ஒவ்வாமை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் தலைகாட்டும். மகரந்தமும் வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளும் தூண்டும். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பதும், காதில் அடிக்கடி சீழ் வைப்பதும் அடையாளங்கள். லாப்ரடார், பக் போன்ற இனங்களில் அதிகம்.

இவற்றில் எதற்கும் கழிவு ஆயில் மருந்தல்ல. நாய் தன் உடம்பை நக்கும். தடவியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். என்ஜினில் எரிந்த எண்ணெயில் உலோகக் கழிவுகள் உண்டு. அது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் புண்ணாகும். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே ஏறி வலிப்பை வரவழைக்கக்கூடியது. சூடு தணியட்டும் என்று முடியை ஒட்ட வெட்டிவிடுபவர்களும் உண்டு; அந்த முடியோ வெயிலைத் தடுத்த கவசம். அது போனபின் தோல் நேரடியாகக் காயும்.

"எங்க நாய்க்குத் தயிர்சோத்துலதான் சரியாச்சு" என்பவர்கள் உண்டு. பருவ அரிப்பு பருவம் மாறினால் தணியும். தணிந்த மாதத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்கே பெயர் கிடைத்திருக்கும். மறு வருஷம் அதே மாதத்தில் அரிப்பு திரும்பும்போது யாரும் தயிர்சோற்றைக் குறை சொல்வதில்லை.

இந்த ஏமாற்றத்தின் முடிவு கொடியது. முடி உதிர்ந்து நாற்றமெடுத்த நாயை வீட்டுக்குத் தொலைவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறார்கள். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். தெருநாய்களைக் கட்டுப்படுத்த மாநகராட்சி கோணக்கரையில் கருத்தடை மையம் நடத்துகிறது; அதே ஊரில், குணப்படுத்தக்கூடிய வீட்டு நாயைத் தெருவுக்கு அனுப்புகிறோம்.

குணப்படுத்த முடியும் என்பதில் இன்று ஐயமே இல்லை. தெள்ளுக்கும் உண்ணிக்கும் சொறிக்கும் ஒரே மாத்திரையாகத் தரப்படும் அஃபாக்ஸோலேனர், ஃப்ளூராலேனர் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்லாசிடினிப், ஸ்டீராய்டு இல்லாமலே ஒவ்வாமை அரிப்பை அடக்குகிறது. எது எந்த நாய்க்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே மாட்டாஸ்பத்திரிக்கு நாயைக் கூட்டிச் செல்பவர் மூன்று விவரங்களைச் சொல்ல வேண்டும்: எந்த மாதத்தில் தொடங்கியது, உடம்பில் எந்த இடம், வீட்டில் மனிதருக்கும் அரிக்கிறதா. பிறகு, தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சில நிமிட வேலைதான். பார்க்காமலே போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சில நாள் சுகம் தந்து, டெமோடெக்ஸ் இருந்தால் அதை இன்னும் மோசமாக்கிவிடும்; எனவே அந்தப் பரிசோதனையை ஊசிக்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும்.