'டென்ஷன் ஆகாதே' என்று சொன்னால் டென்ஷன் போய்விடுமா? விளையாட்டு உளவியல் சொல்வது என்ன?

பள்ளிகளுக்கு இடையிலான வாலிபால் போட்டி. ஸ்கோர் 23-24. சர்வ் நெட்டைத் தாண்டாவிட்டால் செட் போச்சு. சர்வ் போட நிற்கும் மாணவிக்குக் கை வியர்க்கிறது. கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் கத்துகிறார்: "டென்ஷன் ஆகாதம்மா! கையை நேரா வை!" பந்து நெட்டில் போய் விழுகிறது. "பொண்ணு நல்லா ஆடுவா, ஆனா மன உறுதி பத்தாது" என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு அநியாயமானது. சர்வ் போட ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தவர்கள், பதற்றமாக இருக்கும்போது எப்படி சர்வ் போடுவது என்று ஒரு நாளும் கற்றுக்கொடுக்கவில்லை. மன உறுதி பிறவியில் வருவது என்ற நம்பிக்கையை விளையாட்டு உளவியல் ஏற்பதில்லை. அதுவும் சர்வ் மாதிரிதான், பழகினால் வரும்.

பதற்றம் எதிரியா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 1908-ல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கடினமான வேலை என்றால், தூண்டுதல் ஓரளவு வரை உதவுகிறது, அதைத் தாண்டினால் கெடுக்கிறது என்று அதில் தெரிந்தது. (சோதனை நடந்தது சுண்டெலிகளை வைத்து. பாடப்புத்தகங்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.) எந்த அளவு சரி என்பது ஆட்டத்துக்கு ஆட்டம், ஆளுக்கு ஆள் மாறும். பளு தூக்குபவருக்கு உதவும் வேகம், துப்பாக்கி சுடுபவரின் விரலை நடுங்க வைத்துவிடும். ஆக, பதற்றத்தைத் துரத்துவதைவிட, தனக்கு எவ்வளவு சரிப்படும் என்று தெரிந்துகொள்வதுதான் வேலை.

அந்த மாணவியின் சிக்கல் இன்னும் நுட்பமானது. பழகிய சர்வை உடல் தானாகவே போடும், யோசிக்க வேண்டியதே இல்லை. நெருக்கடியில் "கை சரியாகப் போகிறதா?" என்று மனம் உள்ளே புகுந்து கண்காணிக்க ஆரம்பித்தால், அந்த ஓட்டம் தடைபடுகிறது. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு காலையும் யோசித்துப் பாருங்கள், தடுமாறும். அந்த நொடியில் "கையை நேரா வை" என்று கத்துவது, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

சிங்கப்பூரில் நடந்தது

தோற்ற பிறகு மனதை எங்கே வைப்பது என்பது இன்னொரு பாடம். அதற்குச் சென்னைப் பையன் குகேஷைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் டிங் லிரெனிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். மொத்தம் 14 ஆட்டங்கள். லிஃப்டில் சந்தித்த விஸ்வநாதன் ஆனந்த், தனக்கு அன்று 11 ஆட்டங்கள்தான் மிச்சம் இருந்தன, உனக்கு 13 இருக்கிறதே என்ற பொருளில் சொன்னதைக் குகேஷே பிறகு பகிர்ந்தார். 2010-ல் டோபலோவுடன் ஆடிய 12 ஆட்டத் தொடரில் ஆனந்தும் முதல் ஆட்டத்தைத் தோற்று, பிறகு பட்டத்தை வென்றவர்.

"கவலைப்படாதே" என்று ஆனந்த் சொல்லவில்லை. போன ஆட்டத்தில் கிடந்த கவனத்தை, கைவசம் இருப்பதன் பக்கம் திருப்பிவிட்டார்.

11-வது ஆட்டத்தை வென்று முன்னிலை பெற்ற குகேஷ், 12-வதை இழந்தார். மறுபடியும் சமநிலை. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த பேடி அப்டன்தான் குகேஷுக்கும் மனப்பயிற்சியாளர். கடைசி ஆட்டத்தில் டிங் தவறு செய்ததும் குகேஷ் துள்ளிக் குதித்து காயை நகர்த்திவிடவில்லை. நிதானித்தார், பிறகுதான் ஆடினார். 7.5-6.5. வயது 18. அழுகை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எதிரே இருந்த டிங்கையும் மறக்கக் கூடாது. 2023-ல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வால் அவதிப்பட்டதை அவர் வெளிப்படையாகச் சொன்னவர். அது பயிற்சியால் சரியாகிற பதற்றம் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். இந்த வித்தியாசம் தெரியாத பயிற்சியாளர் "மனசைத் திடப்படுத்து" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

மணிக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் நிபுணர் வேண்டாம். ஒவ்வொரு சர்வுக்கு முன்பும் ஒரே வரிசை: பந்தை இரண்டு முறை தட்டு, மூச்சை மெதுவாக விடு, பந்து விழ வேண்டிய இடத்தைப் பார். மனம் அலைய இடமே இருக்காது. "ஜெயிக்கணும்" என்ற இலக்கு மாணவியின் கையில் இல்லை, அந்த மூன்றும் அவள் கையில் இருக்கின்றன.

ஆனால் இந்த வரிசை போட்டியன்று புதிதாக வராது. பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்காத ஒரு நாளில், கடைசிப் பத்து நிமிடம் போதும். மொத்த வகுப்பையும் கோட்டைச் சுற்றி நிறுத்திக் கூச்சல் போடவிட்டு, போர்டில் 23-24 என்று எழுதிவிட்டு, அவளை சர்வ் போடச் சொல்லலாம்.